மாறா முடிவும் மாறும் கூற்றும்: திருப்புட்குழிச் சடாயு மரபின் ஒளியில் ‘பேட்மேன்’ தொடர் விளையாட்டின் நிறைகுறைகள்

ஆய்வுச்சுருக்கம்

ஆடுபவரின் தேர்வுக்கேற்பக் கதை மாறும் என்ற உறுதிமொழியுடன் அத்தியாயங்களாக வெளிவந்த கணினி விளையாட்டுகளுள் ‘பேட்மேன்: தி டெல்டேல் சீரிஸ்’ (2016) குறிப்பிடத்தக்கது. எதைத் தேர்ந்தாலும் கதை ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்பது இவ்வகை விளையாட்டுகள்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. முடிவு மாறாத நிலையிலும் தேர்வுக்குப் பொருளுண்டு என்பதற்குத் திருப்புட்குழித் தலமரபு சான்றாக நிற்கிறது. அம்மரபையும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளையும் துணைகொண்டு அவ்விளையாட்டின் நிறைகுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருப்புட்குழி, சடாயு, கணினி விளையாட்டு, பேட்மேன், தேர்வு, கூற்று, எச்சம், தெருக்கூத்து

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ள திருப்புட்குழி 108 திவ்விய தேசங்களுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. இறைவன் விசயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. புள் + குழி என்பது புட்குழி எனப் புணர்ந்து, ‘திரு’ என்னும் அடைபெற்று ஊர்ப்பெயராயிற்று. இராவணனால் வீழ்த்தப்பட்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது தலவரலாறு. சடாயுவைத் தம்மேல் தாங்கிய கோலத்தில் பெருமாள் காட்சி தருகிறார். திருக்குளமும் சடாயுவின் பெயரையே கொண்டுள்ளது.

சடாயுவின் கதையில் ஒரு முரண் உண்டு. சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனை அவன் முதலில் சொல்லால் தடுக்கிறான், அது பயன்படாதபோது போரிடுகிறான், வெட்டுண்டு வீழ்கிறான். சீதை கொண்டுசெல்லப்படுவது நிற்கவில்லை. நிகழ்ச்சி நிரலை மட்டும் நோக்கினால் சடாயு குறுக்கிட்டதால் எதுவும் மாறவில்லை என்றே கூற வேண்டும். ஆயினும் அவன் எடுத்த முடிவால் இரண்டு பயன்கள் விளைந்தன. கவர்ந்தவன் யார் என்னும் செய்தி இராமனுக்குக் கிட்டியது. தயரதனுக்கு அருகிருந்து ஆற்ற இயலாத ஈமக்கடனை இராமன் இப்பறவைக்கு ஆற்றினான். ஓர் ஊரும் கோயிலும் குளமும் நினைவில் வைத்திருப்பது தோற்றுப்போன அம்முயற்சியைத்தான்.

முடிவை மாற்றாத தேர்வுக்கு மதிப்பு உண்டா என்னும் இவ்வினா, கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் கணினி விளையாட்டுத் திறனாய்விலும் வேறு வடிவில் எழுப்பப்பட்டு வருகிறது. தேர்வை மையமாகக் கொண்ட விளையாட்டுகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ‘எத்தனை முடிவுகள்?’ என்று எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவ்வளவுகோலால் அளந்தால் சடாயு கதையும் குறையுடையதாகிவிடும்.

விளையாட்டின் அமைப்பு

2004இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட டெல்டேல் கேம்ஸ் நிறுவனம், 2012இல் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ என்னும் விளையாட்டின் வழியாக ஒரு வடிவத்தை நிலைநிறுத்தியது. ஒரு கதை ஐந்து அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டுச் சில வார இடைவெளிகளில் வெளியாகும். ஆடுபவர் ஓடுவதும் சுடுவதும் குறைவு, உரையாடுவதே மிகுதி. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் திரையில் பெரும்பாலும் நான்கு தெரிவுகள் தோன்றும். அவற்றுள் ஒன்று பல இடங்களில் மௌனம். ஒரு கோடு குறுகிக்கொண்டே வரும். அது மறைவதற்குள் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்தபின், இன்னார் இதை நினைவில் கொள்வார் என்னும் குறிப்பு திரையின் மூலையில் தோன்றி மறையும். அத்தியாய இறுதியில், முதன்மையான தேர்வுகளில் உலகெங்கும் ஆடியோருள் எத்தனை விழுக்காட்டினர் எப்பக்கம் நின்றனர் என்னும் பட்டியல் காட்டப்படும்.

இவ்வடிவத்தில் 1939 முதல் படக்கதைகளில் வாழ்ந்துவரும் பேட்மேன் என்னும் சூப்பர் ஹீரோவின் கதை 2016இல் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியான ‘தி எனிமி விதின்’ 2017 ஆகஸ்டு முதல் 2018 மார்ச்சு வரை வெளியாயிற்று. பகலில் செல்வந்தன் புரூஸ் வெய்ன், இரவில் முகமூடி அணிந்த காவலன் என இரு வாழ்வு வாழும் நாயகன் இவ்வடிவத்திற்கு மிகப் பொருந்தியவன். படக்கதையிலும் திரைப்படத்திலும் முகமூடியே பெரிதும் முன்னிற்கும். இவ்விளையாட்டிலோ கதையின் பெரும்பகுதியைத் தாங்குபவன் புரூஸ். நகரத் தலைவர் ஹில்லைக் காணப் புரூஸாகச் செல்வதா, பேட்மேனாகச் செல்வதா என்று ஆடுபவரே தேரும் இடமும் உண்டு. ஒருவனே இரு கூற்றுக்குரியவனாக நிற்கும் இந்நிலையை விளையாட்டு நன்கு பயன்படுத்திக்கொள்கிறது.

மரபை மறுபடைத்த துணிவும் இதன் நிறைகளுள் ஒன்று. புரூஸின் தந்தை தாமஸ் வெய்ன் மாசற்றவர், வள்ளல் என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கதைமரபு. இங்கே அவர் குற்றக் கும்பலின் தலைவனோடு சேர்ந்து, தமக்கு இடையூறாக இருந்தோரை மருந்தேற்றி மனநோய் விடுதிக்குள் அடைத்தவராக வெளிப்படுகிறார். செய்தியாளராக மட்டுமே அறியப்பட்ட விக்கி வேல், அக்கொடுமையின் விளைவாக உருவான வன்முறைக் குழுவின் தலைவியாகிறார். இராவணன் சீதையைத் தீண்டாது பன்னசாலையோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாகக் கம்பர் அமைத்ததைக் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. நிகழ்ச்சி அதுவே, நிகழும் முறையை மாற்றினால் அதன் பொருள் மாறுகிறது.

ஆற்றிடைக்குறையும் கழிமுகமும்

கிளைக்கதை அமைப்பின் முதன்மைச் சிக்கல் கணக்கில் உள்ளது. ஒவ்வொரு தேர்வும் கதையை இரண்டாகப் பிரித்து, பிரிந்தவை மீண்டும் இணையாமல் சென்றால், ஐந்து தேர்வுகளுக்கு 32 முடிவுகளும் பத்துத் தேர்வுகளுக்கு 1024 முடிவுகளும் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரையாடல், குரல், அசைவு, ஒளியமைப்பு ஆகியவை தனித்தனியே வேண்டும். எந்த நிறுவனத்தாலும் அது இயலாது. ஆகவே பிரிந்த கதை சிறிது தொலைவு சென்று மீண்டும் ஒன்றாகிறது. நடுவில் நிலம் கிடக்க இருபுறமும் ஆறு பிரிந்தோடிக் கூடுவதைத் தமிழ் ஆற்றிடைக்குறை என்கிறது. இவ்வமைப்பிற்கும் அப்பெயரே பொருந்தும்.

முதல் தொடரின் இரண்டாம் அத்தியாய இறுதி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நகரத் தேர்தலுக்கான விவாத மேடையில் வன்முறைக் குழு புகுகிறது. நண்பன் ஹார்வி டென்ட், செலினா கைல் ஆகிய இருவருள் ஒருவரையே பேட்மேன் காக்க முடியும். செலினாவைக் காத்தால் ஹார்வியின் முகத்தின் ஒருபாதி சிதைகிறது. படக்கதை மரபில் ‘இருமுகன்’ என அவன் கொள்ளும் தோற்றம் அது. ஹார்வியைக் காத்தால் முகம் பிழைக்கிறது. ஆயினும் அடுத்த அத்தியாயங்களில் அவன் உள்ளம் பிளவுபட்டு, நகரத் தலைவனாகிப் பெருங்கொடுமை இழைப்பவனாகவே மாறுகிறான். முகம் மாறலாம், விதி மாறாது.

இதைக் குறையெனக் கொள்வதே பெருவழக்கு. சற்று நின்று நோக்கினால் இது விளையாட்டின் வலிமை மிக்க இடங்களுள் ஒன்றாகவும் தோன்றும். முகம் சிதைந்த ஹார்வியின் வெறிக்குக் காரணம் வெளியே தெரிகிறது. அவனைக் கைவிட்டவன் நாயகன் என்னும் குற்றவுணர்வு ஒவ்வொரு காட்சியிலும் உடன்வருகிறது. முகம் சிதையாத ஹார்வியின் வெறியோ அவனுள்ளேயே இருந்தது. காத்தும் பயனில்லை என்னும் கையறுநிலை அங்கே மேலோங்குகிறது. நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒன்றே, மெய்ப்பாடு வேறு. முதற்பாதையில் நாயகன்பால் எழுவது இளிவரல் என்றால், இரண்டாம் பாதையில் எழுவது அழுகை.

குறை வேறிடத்தில் உள்ளது. விளையாட்டு ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும், ஆடுபவரின் தேர்வுக்கேற்பக் கதை அமையும் என அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை நம்பியவர் இரண்டாம் முறை ஆடி மறுபாதையில் செல்லும்போது, முன்னர்க் கேட்ட அதே வரிகளை அதே குரலில் கேட்கிறார். நான்காம் அத்தியாயத்தில் ஹார்வியைத் தடுக்கச் செல்வதா, நகரை அச்சுறுத்தும் மற்றொரு பகைவனான பென்குயினைத் தடுக்கச் செல்வதா என்னும் தேர்வு பெரிதாக முன்வைக்கப்பட்டும் ஐந்தாம் அத்தியாயத்தின் நடைக்கு அது அடிப்படையாக அமையவில்லை. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயினும் கோர்வை முறையில் இழையோடு இழை பூட்டப்படுகின்றன, பிடித்திழுத்தாலும் பிரிவதில்லை. இங்கே சில இணைப்புகளில் கரை உடலோடு பூட்டப்படாமல் மேலே வைத்துத் தைக்கப்பட்டுள்ளது. சடாயு கதை எவ்விடத்தும் வேறொரு முடிவை உறுதியளிப்பதில்லை. ஆதலால் அங்கே இந்த ஏமாற்றம் எழ வழியில்லை.

இரண்டாம் தொடர் இக்குறையை உணர்ந்து எழுதப்பட்டது போலும். மனநோய் விடுதியிலிருந்து வெளிவரும் ஜான் டோ என்பவன், பேட்மேன் மரபின் பெரும்பகைவனாகிய ஜோக்கராக மாறப்போகிறான் என்பதை அறியாத வாசகர் இலர். அம்முன்னறிவையே ஆசிரியர்கள் முதலாகக் கொள்கின்றனர். நான்காம் அத்தியாயத்தில், பிணங்களுக்கு நடுவே நின்று, தற்காப்புக்காகவே கொன்றதாக ஜான் கூறுகிறான். அவனை நம்புவதா, ஐயுறுவதா? அத்தேர்வைப் பொறுத்து அவன் பேட்மேனைப் பின்பற்றும் காவலனாகவோ கொடியவனாகவோ உருவெடுக்கிறான். ஐந்தாம் அத்தியாயம் பெரும்பாலும் இரண்டு தனிக் கதைகளாக எழுதப்பட்டுள்ளது. பிரிந்த கிளையாறு மீண்டும் கூடாமல் தனியே கடல்சேரும் கழிமுக அமைப்பு இது. கதை முடியும் தறுவாயில் மட்டுமே இது செலவுக்கு அடங்கும் என்பதை அவர்கள் சரியாகக் கணித்திருந்தனர். காவலனாக மாறிய ஜோக்கரும் இறுதியில் எல்லை கடந்துவிடுகிறான் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அவனை நண்பனாக நடத்திய ஒவ்வொரு சொல்லும் அப்போது ஆடுபவரை வந்து தாக்குகிறது.

கூற்றும் எச்சமும்

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்கினால், இவ்விளையாட்டில் ஆடுபவர் தேர்வது செயலையன்று, பெரும்பாலும் கூற்றையே என்பது புலனாகும். தொல்காப்பியம் செய்யுளுறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறது. ஒரே பொருளைத் தோழி தலைவனிடம் கூறுவதற்கும் செவிலியிடம் கூறுவதற்கும் உள்ள வேறுபாட்டில் அகப்பாடலின் சுவை நிற்கிறது. களவு வெளிப்பட்டதா இல்லையா என்னும் நிகழ்ச்சியில் மட்டும் அன்று. புரூஸ் தன் தந்தையின் குற்றத்தைத் தன்னை வளர்த்த ஆல்பிரெட்டிடம் வினவும் காட்சி இத்தகையது. சினந்து கேட்கலாம், உடைந்து கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். உண்மை மாறாது, இருவருக்கிடையே உள்ள உறவு மாறும்.

கேளாமலிருத்தலை ஒரு தெரிவாகவே வைத்தது இவ்வடிவத்தின் அரிய கண்டுபிடிப்பு. பிற விளையாட்டுகளில் பொத்தானை அழுத்தாமை என்பது பிழை. இங்கே அது எச்சம். கூறாது விடுத்ததைக் கேட்போர் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். ஆனால் அந்நுட்பத்தை விளையாட்டே கெடுத்தும் விடுகிறது. மௌனம் காத்தவுடன், இன்னார் உன் மௌனத்தைக் கவனித்தார் என்னும் பொருளில் மூலையில் குறிப்பு தோன்றுகிறது. எச்சத்துக்கு உடனே உரையெழுதிவிடும் இவ்வழக்கம் இக்குறிப்புகள் அனைத்திலும் உள்ள குறை. பாத்திரத்தின் முகத்தால் உணர்த்த வேண்டியதை எழுத்தால் அறிவிக்கின்றனர்.

முன்னம் என்னும் உறுப்பின் வழியும் ஒரு குறையைக் காணலாம். யார், யாரிடம், எவ்விடத்துப் பேசுகிறார் என்பதைக் குறிப்பால் உணரவைப்பது அது. திரையில் தோன்றும் தெரிவு மூன்று நான்கு சொற்களாலான சுருக்கம். தேர்ந்தபின் பாத்திரம் பேசுவதோ முழு வாக்கியம். சுருக்கத்தில் அமைதியாகத் தோன்றிய தெரிவு, பேசப்படும்போது அச்சுறுத்தலாக ஒலிப்பதுண்டு. தாம் எண்ணாத கூற்றுக்கு ஆடுபவர் உரியவராக்கப்படுகிறார். தேர்வே அடிப்படையான ஒரு வடிவத்தில் இதைச் சிறுகுறை என ஒதுக்க இயலாது.

சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கூற மிகுதியில்லை. திரையில் தோன்றும் குறியை உரிய நேரத்தில் அழுத்த வேண்டும். ஓரிரண்டு தவறினும் நாயகன் பெரும்பாலும் வெல்வான். தடயங்களை ஒன்றோடொன்று இணைத்துக் குற்றம் நிகழ்ந்த முறையை மீட்டமைக்கும் துப்பறியும் பகுதிகள் சற்றே மேலானவை. எனினும் தவறான இணைப்புக்கு அங்கு விளைவில்லை.

கூத்துக்களமும் வாக்கெடுப்பும்

முடிவு தெரிந்த கதையை அத்தியாயம் அத்தியாயமாகக் காணும் வழக்கம் காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்துக்குப் புதிதன்று. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகக் கதை பல நாள் வளர்ந்து, படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவத்தோடு முடிகிறது. புரிசை போன்ற ஊர்கள் இக்கலையால் பெயர்பெற்றவை. கர்ண மோட்சம் பார்க்க வந்தவர் எவரும் கர்ணன் பிழைப்பானா என்று ஐயுற்று அமர்ந்திருப்பதில்லை. போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் இடையிலான தருக்கம் இன்றிரவு எவ்வாறு அமையும் என்பதே எதிர்பார்ப்பு. அது களத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப நீளும், குறுகும், கட்டியங்காரனின் பகடியால் திசைமாறும். அங்கும் மாறுவது கூற்றே.

பேட்மேன் விளையாட்டோடு இந்நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒரு வசதி இவ்வகையில் கருதத்தக்கது. ஒருவர் ஆட, உடனிருப்போர் தத்தம் கைப்பேசி வழியே தேர்வுக்கு வாக்களிக்க முடிந்தது. பெரும்பான்மையினர் வாக்கின்படி கதை நகர்ந்தது. தனித்து ஆடும் ஒன்றை அவைக்குரியதாக்கும் முயற்சி இது. எனினும் கூத்தவை தன் விருப்பத்தை நகைப்பாலும் கூச்சலாலும் தெரிவித்து, அதற்கு ஆடுவோரிடமிருந்து புதிய சொல்லைப் பெறுகிறது. இங்கே எழுதிவைத்த நான்கினுள் ஒன்றே கிடைக்கும். ஓர் அவையின் கருத்து வேறுபாடு விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

தவணை வெளியீடு

முதல் தொடரின் ஐந்து அத்தியாயங்கள் 2016 ஆகஸ்டு 2, செப்டம்பர் 20, அக்டோபர் 25, நவம்பர் 22, டிசம்பர் 13 ஆகிய நாள்களில் வெளியாயின. இடைவெளிகள் முறையே 49, 35, 28, 21 நாள்கள். 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வாரந்தோறும் வந்த பொன்னியின் செல்வனுக்குக் காத்திருந்த தமிழ் வாசகருக்கு இவ்வின்பத்தை விளக்க வேண்டியதில்லை. தேர்வு இருப்பதால் காத்திருப்பு இங்கே இன்னும் கூர்மையாகிறது. வாசகர் ‘அடுத்து என்ன?’ என்று மட்டும் கேட்டார். ஆடுபவர் ‘செய்தது சரியா?’ என்றும் கேட்டுக்கொள்கிறார். ஏழு வாரம் அவ்வினாவைச் சுமப்பது ஒரே மூச்சில் ஐந்தையும் ஆடுவோர்க்கு வாய்ப்பதில்லை. இன்று முழுத்தொடரும் ஒன்றாகவே விற்கப்படுவதால், வடிவத்தின் உயிர்நிலையான இடைவெளியைப் பெரும்பாலோர் அறியாமலே ஆடுகின்றனர்.

தமிழில் ஆடுவோர் நிலை

இவ்விளையாட்டுக்குத் தமிழ்க் குரலோ தமிழ் எழுத்தோ இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நான்கு தெரிவுகளைச் சில நொடிகளில் படித்துப் பொருள்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலையில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர் அறநெறிக் குழப்பத்தோடு மொழிக்குழப்பத்தையும் சேர்த்தே எதிர்கொள்கிறார். அவரது மௌனம் எச்சமாக எண்ணப்படுகிறது; உண்மையில் அவர் படித்து முடித்திருக்கமாட்டார். இறுதிப் பட்டியலில் காணும் விழுக்காடு இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

தமிழாக்கம் செய்யப்படுமாயின் எழும் சிக்கல் இதனினும் சுவையானது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரு சொல்லே போதும். தமிழிலோ வாய்திறந்ததும் உறவைத் தீர்மானித்தாக வேண்டும். ஆல்பிரெட் பணியாளர், ஆயினும் பெற்றோரை இழந்த புரூஸை வளர்த்தவர். அவரைப் புரூஸ் ‘நீங்கள்’ என்பதா, ‘நீ’ என்பதா? தந்தையின் குற்றம் தெரிந்த கணத்தில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகுமாயின், ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு முறிவு அங்கே நிகழ்ந்துவிடும். ஜான் டோவை முதலிலிருந்தே ‘நீ’ என்றால் அது நட்பா, இளக்காரமா? நான்கு தெரிவுகளில் இரண்டை விளியாலேயே வேறுபடுத்தும் வாய்ப்பைத் தமிழ் தருகிறது; எந்நிறுவனமும் இன்னும் அதைப் பயன்படுத்தவில்லை. கூத்தின் தருக்கத்தில் சினம் ஏறுந்தோறும் விளி மாறுவதைக் கேட்டுப் பழகியவர்கள் இவ்வாக்கப் பணிக்கு உரியவர்கள்.

பல ஊர்களின் உரிமை

சடாயு வீழ்ந்த இடம், எரியூட்டப்பட்ட இடம், வழிபட்ட இடம் எனச் சுட்டப்படுவன பல. கும்பகோணத்தை அடுத்த புள்ளபூதங்குடி, வைத்தீசுவரன் கோயில் எனப்படும் புள்ளிருக்குவேளூர், கேரளத்தின் சடையமங்கலம், ஆந்திரத்தின் லேபாட்சி ஆகியன திருப்புட்குழியோடு அவ்வுரிமையைப் பகிர்கின்றன. எது உண்மையான இடம் எனத் தேர்ந்தாக வேண்டும் என்று மரபு வற்புறுத்தவில்லை. புள்ளபூதங்குடிக்குச் சென்றவர் திருப்புட்குழிக்கும் செல்கிறார். ஒன்றை ஏற்றதால் மற்றொன்று பொய்யாவதில்லை. கணினி விளையாட்டின் கிளைகளோ ஒன்றையொன்று விலக்குவன. ஹார்வியின் முகம் சிதைந்த உலகில் சிதையாத முகத்துக்கு இடமில்லை. இவ்விலக்கலே தேர்வுக்கு எடை தருகிறது. மறுபாதையையும் ஆடிப் பார்த்துவிடலாம் என்னும் வசதி அவ்வெடையைக் குறைக்கிறது. இரண்டாம் முறை ஆடுபவர் சடாயுவின் நிலையில் இல்லை.

‘தி எனிமி விதின்’ தொடரின் கடைசித் தேர்வு ஆல்பிரெட்டைப் பற்றியது. வன்முறை நிறைந்த வாழ்வைக் கண்டு சலித்து அவர் விலக முற்படுகிறார். பேட்மேன் கோலத்தைத் துறந்து அவரை நிறுத்திக்கொள்ளலாம். அல்லது அவரைப் போகவிடலாம். இதன் விளைவை அடுத்த தொடரில் காட்டும் வாய்ப்பு அந்நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. 2018 செப்டம்பர் 21 அன்று பணியாளருள் பெரும்பான்மையினர் விலக்கப்பட, டெல்டேல் கேம்ஸ் தன் பணிகளை நிறுத்தியது. 2019இல் வேறொரு நிறுவனம் அப்பெயரை வாங்கிய பின்னரும் மூன்றாம் பேட்மேன் தொடர் வெளிவரவில்லை. இரு தொடர்களின் தேர்வுகளுள் கதையாசிரியர்களால் எந்த இடத்திலும் மீண்டும் இணைக்கப்படாமல், பிரிந்தது பிரிந்தபடியே நிற்பவற்றுள் அதுவும் ஒன்று.